பேனாப் பக்கம், விரல் பக்கம்

பார்வையற்ற குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தரப் போகிறேன் என்று சொன்னதும், எங்கள் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த யானைக் கதையைச் சொல்லிவிட்டார்கள். காலைத் தொட்டவன் தூண் என்றானாம், காதைத் தொட்டவன் முறம் என்றானாம். சொல்லி முடித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காய்கறி வண்டிக்கு முன்னால் வைத்தே பக்கத்து வீட்டு அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "அவங்க இன்னும் ரெண்டு நிமிஷம் தடவிப் பாத்திருந்தா முழு யானையும் கெடச்சிருக்கும். ஒருத்தருக்கொருத்தர் பேசியிருந்தா இன்னும் சீக்கிரம் கெடச்சிருக்கும். கதைய எழுதினவனுக்கு அவசரம்" என்றேன். அந்த அம்மா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, "தமாஷுக்குச் சொன்னா ஏன் மாராய்த்தி இப்பிடிப் பாயறே?" என்றார். அவரும் எங்களைப் போல மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழர்தான். மாராய்த்தி என்றால் மகராசி. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு கன்னடச் சொல் விழாமல் எங்கள் யாருக்கும் பேச வராது.

அதற்கு முன் ஒரு பெரிய தனியார் பள்ளியில் டிராயிங் மிஸ்ஸாக இருந்தேன். மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு ஓடை, கரையில் ஒரு தென்னை. எல்லாக் குழந்தைகளும் அதையே வரைந்தார்கள், பெற்றோரும் அதையே கேட்டார்கள். அலுத்துப்போய் வெளியே வந்தேன். பார்வையற்ற குழந்தைகளின் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா என்று ஒருவர் கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன். அங்கே இருந்தவர்கள் களிமண் மட்டும் போதும் என்றார்கள். கோடு எதற்கு, கோடு கண்ணுக்குத்தானே என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கார் உதிரிபாகக் கடைக்குப் போய், கார் தரையில் போடுகிற ரப்பர் விரிப்பு வாங்கிவந்து, கத்தரித்துத் துண்டு துண்டாக்கினேன்.

விஷயம் ரொம்ப எளிது. ரப்பர் துண்டின் மேல் பிரெயில் தாளை வைக்க வேண்டும். அது கெட்டித் தாள், பள்ளியில் கட்டுக்கட்டாக இருக்கும். அதன்மேல் சாதாரண பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால், கோடு தாளின் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். தாளைத் திருப்பினால் விரலுக்குத் தெரியும். முதல்முறை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது கூடத் தெரியாமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்புக்கு எல்லா டிராயிங் மிஸ்களும் செய்வதைத்தான் செய்தேன். இடது கையைத் தாளின் மேல் விரித்து வையுங்கள், பேனாவால் சுற்றிவாருங்கள், திருப்பித் தடவிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். பேனா விரலிடுக்கில் புகும்போது கூச்சம் தாங்காமல் வகுப்பே கிளுகிளுவென்று சிரித்தது. பிறகு தாளைத் திருப்பினார்கள். தடவினார்கள். சிரிப்பு அப்படியே நின்றது.

"மிஸ், இது நன்ன கை அல்ல!" என்று ஒரு பையன் கன்னடத்தில் கத்தினான். வகுப்பிலேயே பெரிய தொண்டை அவனுக்குத்தான். இது என் கை இல்லை என்கிறான். நான் போய்ப் பார்த்தேன். கை நன்றாகத்தான் வந்திருந்தது. அவன் தன் இடது கையை அந்தப் புடைத்த கோட்டின் மேல் வைத்துக் காட்டினான். கட்டைவிரல் சுண்டுவிரல் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. தாளைத் திருப்பியதும் இடது கை வலது கையாகிவிட்டது! இத்தனை வருடம் வரைந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அவர்களுக்கோ ஒரே தடவலில் தெரிந்துவிட்டது.

நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருக்கும்போதே மூலையிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள். "கையத் திருப்பி வெச்சாச் செரியாப் போயிருமுங் மிஸ்." அவள் தன் இடது கையைப் பிரசாதத்துக்கு நீட்டுவது போல மல்லாத்தித் தாளின் மேல் வைத்துச் சுற்றிவரைந்து, தாளைத் திருப்பி, கையைக் குப்புற அதன்மேல் பதித்தாள். விரலுக்கு விரல் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டினேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பது போலப் பதில் சொன்னாள். "எழுதறப்போ அப்பிடித்தானுங்களே எழுதறோம்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரெயில் ஸ்லேட்டில் குத்தூசியால் எழுதுகிற குழந்தைகள் தாளின் பின்பக்கத்தில் குத்துகிறார்கள். புள்ளி மறுபக்கம் புடைக்கும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவார்கள். தாளைத் திருப்பினால் எல்லாம் நேராகி, இடமிருந்து வலமாக வாசிக்கக் கிடைக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அதுதான் பழக்கம். கன்னடத்தில் படத்தையும் எழுதுவதாகத்தான் சொல்வார்கள். 'சித்ர பரீரி' என்றுதான் நானும் வகுப்பில் சொல்லியிருந்தேன். எழுதச் சொன்னால் அவர்கள் எழுதுகிற மாதிரிதானே எழுதுவார்கள்? அன்று முதல் தாளுக்கு இரண்டு பக்கம் என்று வகுப்பில் பேச்சாகிவிட்டது. மேலே மை தெரிவது பேனாப் பக்கம். கீழே புடைத்திருப்பது விரல் பக்கம். விரல் பக்கம்தான் படம். பேனாப் பக்கம் படத்தின் முதுகு.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளுக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பள்ளி கேட்டுக்குள் ஸ்கூட்டரை நுழைக்கும்போதே கை பரபரக்கும். ஒரு பெண் சிட்டி பஸ் வரைந்தாள். மேலே குறுக்காக ஒரு நீண்ட கம்பி, அதிலிருந்து தொங்கும் வளையங்கள், கீழே யாரோ ஒருவரின் பெல்ட் பக்கிள். அவ்வளவுதான் பஸ். காலை எட்டரை மணி பஸ்ஸில் நின்று போகிற ஒரு பிள்ளையின் கைக்கும் முகத்துக்கும் வேறென்ன அகப்படும்? அந்தப் பெரிய தொண்டைப் பையன் குக்கரை வரைந்து, விசிலுக்கு மேல் தாள் கிழிகிற அளவுக்குக் கிறுக்கி வைத்தான். அது சத்தமாம். அதைத் தடவின அடுத்த பெஞ்சுப் பிள்ளை சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, "அய்யோ சுடுது" என்று நடித்தது. நான் அந்தப் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவர் சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் நீட்டுவேன். அவர் பாவம், சாம்பார்க் கையைத் துடைத்துக்கொண்டு தடவிப் பார்ப்பார்.

கையை மல்லாத்தி வைத்த அந்தப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. விடுதியில் தங்கிப் படித்தாள். கன்னடம் நன்றாகப் பேசுவாள். எனக்குத் தமிழ் தெரியும் என்றானதும் என்னிடம் மட்டும் அவர்கள் ஊர்த் தமிழ். அவளுடைய அப்பா அங்கே டிராக்டர் ஓட்டுகிறார். விடுதி வார்டன் அக்காவின் ஃபோனுக்கு அவர் குரல் செய்தி அனுப்புவார், அவள் பதில் அனுப்புவாள். முதல் தடவை அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. "கண்ணு, சாப்புட்டியா கண்ணு?" என்றது அந்தக் குரல். வார்டன் அக்காவும் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் கண்ணுதான் என்பது ஒரு நொடி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அந்தச் சொல்லில் எந்த உறுத்தலும் இல்லை. இட்லி எத்தனை சாப்பிட்டாள் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். "எங்கப்பாவுக்கு ஒரு படம் அனுப்போணுமுங் மிஸ். டிராக்டரு. ஆனா என்ன படம்னு நாம சொல்லப்படாது. அவராக் கண்டுபுடிக்கோணும்."

அதற்கென்ன, அனுப்பலாம் என்றேன். அவள் வரைந்தாள். அவளுக்குத் தெரிந்த டிராக்டரை வரைந்தாள். சக்கரத்தின் ரப்பர் மேடுகள் சாய்வுக் கோடுகளாக ஒரு வரிசை. ஏறுகிற படி ஒன்று. பக்கத்தில் ஒரு கொக்கி. மேலே ஒரு வளைந்த தகரம். ஒவ்வொன்றும் தனித்தனியாக, கைக்குக் கிடைத்த வரிசையில் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. வார்டன் அக்கா ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார். மாலையில் பதில் வந்தது. "ரொம்ப நல்லா இருக்குது கண்ணு. ரொம்ப அழகா இருக்குது. நல்லாப் படி சாமி."

நான் பூரித்துப் போனேன். அவள் முகம் தொங்கிவிட்டது. "அவருக்குத் தெரியலீங் மிஸ்" என்றாள்.

"நல்லா இருக்குன்னுதானேடீ சொன்னாரு?"

"அதாங். எந்தம்பி படம் போட்டுக் காட்டுனா நல்லா இருக்குன்னா சொல்றாரு? 'ஏண்டா ஆட்டுக்கு அஞ்சு காலு?'ம்பாரு. 'மாட்டுக் கொம்ப எவண்டா திருடுனான்?'ம்பாரு. ரெண்டு பேரும் மல்லுக்கட்டுவாங்க. எனக்கு மட்டும் எது குடுத்தாலும் நல்லா இருக்குதாமா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒருக்கா என்னையும் தப்புன்னு சொல்லோணுமுங்" என்றாள்.

இத்தனை நாள் நானும் அவர்களிடம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தேன்! அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு குறை வரவழைக்காமல் விடுவதில்லை என்று.

அடுத்த வகுப்புக்குப் பொம்மை டிராக்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் பொம்மை. இதைத் தடவிப் பார், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும், பின்னால் பெரிய வட்டம், முன்னால் சின்ன வட்டம், இதை வரைந்தால் உலகத்தில் எவனும் கண்டுபிடித்துவிடுவான் என்றேன். அவள் நாலு பக்கமும் தடவினாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது டிராக்டரு இல்லீங் மிஸ். இதுல எப்பிடி ஏறுறது?"

"தூரத்துல நின்னு பாத்தா இப்படித் தெரியும்டீ."

"நானெதுக்குங் தூரத்துல நிக்கறேன்? நாந்தான் அதும்மேல உக்காந்திருக்கறனே."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது எங்கேயோ போய்விட்டது. உக்காந்திருக்கறனே! அதுதானே விஷயம்! நான் ஏன் இவளை டிராக்டரிலிருந்து இறக்கிவிட்டுத் தூரத்தில் நிற்கவைக்கப் பார்க்கிறேன்? அவளுடைய அப்பாவுமே நாள் முழுக்க அந்த வண்டியைத் தூரத்தில் நின்றா பார்க்கிறார்? அவரும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்க உக்காருவே? காட்டு" என்றேன்.

பிறகு அந்த வகுப்பில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வருகிறது. நடுவில் ஒரு ஸ்டூல், அது டிரைவர் சீட். இரண்டு பக்கமும் இரண்டு மேசை, அவை சக்கரத்துக்கு மேல் இருக்கும் மட்கார்டு. முன்னால் ஒரு பெஞ்சு, அது பானெட். ஸ்டீயரிங்குக்குச் சாப்பாட்டுத் தட்டு. பெரிய தொண்டைப் பையன் நான்தான் டிரைவர் என்று ஸ்டூலில் ஏறி, "டுடுடுடுடு" என்று எஞ்சினைக் கிளப்பிவிட்டான். நிறுத்தச் சொன்னால் டீசல் தீரவில்லை என்றான். எங்கள் பெண் இடது பக்க மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். பெஞ்சை இன்னும் கிட்ட இழு. தட்டைச் சாய்த்துப் பிடி. கால் வைக்க இங்கே தகரம் வேண்டும். கிளச்சுக்கு ஒரு டஸ்டரை இந்தப் பக்கம் வை, பிரேக் இரண்டு, அவை அந்தப் பக்கம். கையை நீட்டி நீட்டி அளந்தாள். எட்டவேண்டிய பொருள் எட்டாவிட்டால், எட்டக்கூடாத பொருள் எட்டிவிட்டால், உடனே இடம் மாற்றினாள். அவள் உடம்புக்கு அந்த வண்டி மனப்பாடம். நான் டிராக்டரில் ஏறினதே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இப்ப இத்தனையையும் மேல இருந்து ஒரு பெரிய கை வந்து அழுத்துது" என்றேன். "சப்பாத்தி மாதிரி எல்லாம் தட்டையாப் போகுது. ஆனா எதுவும் எடம் மாறல. சீட்டு சீட்டு எடத்துல, ஸ்டீயரிங் ஸ்டீயரிங் எடத்துல. அதத்தான் நீ தாள்ல போடப்போற."

"நசுங்குன டிராக்டருங்களா?"

"ஆமா. நசுங்குன டிராக்டர்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஸ்டூலில் இருந்த டிரைவர், நானும் நசுங்கிவிட்டேனா என்று கவலையாகக் கேட்டான். அவள் சிரிக்கவில்லை. மேசையிலிருந்து குதித்துத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். தாளை ரப்பர் மேல் வைத்து, எழுதுகிற வழக்கப்படி வலது ஓரத்திலிருந்து தொடங்கினாள். ஒரு கோடு போடுவாள், தாளைத் திருப்புவாள், தடவுவாள், மறுபடி கவிழ்த்து அடுத்த கோடு. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிளச்சுக்கும் பிரேக்குகளுக்கும் சின்னக் கட்டங்கள், தான் உட்காரும் மட்கார்டில் ஒரு பெருக்கல் குறி, சீட்டுக்கு ஒரு சதுரம், ஸ்டீயரிங்குக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மேல் சின்னச் சின்னதாக நெருக்கிக் குறுக்குக் கோடு போட்டாள். என்ன என்று கேட்டேன். அப்பா கை வழுக்காமல் இருக்க ஒயரைச் சுற்றி வைத்திருக்கிறாராம். தப்பாகப் போட்டதை அழிக்க வழியில்லை என்பதால் இரண்டு தாள்களைக் கசக்கி எறிந்தாள். மூன்றாவது தாளில் டிராக்டர் வந்துவிட்டது. அவள் சொல்வதற்கு முன்னால் அதைத் தொண்டைப் பையனிடம் நீட்டினேன். அவன் விரலை வட்டத்தில் வைத்தான், அங்கிருந்து சதுரத்துக்கு இறக்கினான். "இங்கதான் நான் உக்காந்திருந்தேன்!" என்று கன்னடத்தில் கூவினான்.

உடனே அனுப்ப வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வார்டன் அக்காவைக் கையோடு இழுத்துவந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தோம். அக்கா படம் எடுத்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று நானும் பார்த்தேன். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. இந்த முறையும் என்ன படம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் மட்டும் மைக்கை அழுத்தி, "படமுங்ப்பா" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்ப்பாராம். எனக்கு அன்று அதற்கு மேல் வகுப்பு இல்லை. வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். களியும் கீரைச்சாறும். அவள் களி உருண்டையை விரலால் குத்திக் குத்தி வைத்திருந்தாளே ஒழிய வாயில் போடவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். மறுபடியும் ரொம்ப நல்லா இருக்குது என்று வந்துவிட்டால்? அந்த மனிதரைச் சொல்லியும் குற்றமில்லை. பார்வையில்லாத மகள் ஒரு தாளைக் கிறுக்கி அனுப்பினால் எந்த அப்பன் வேறு சொல்வான்? அப்படி வந்தால் இவளிடம் என்ன சொல்வது? வார்டன் அக்காவின் ஃபோன் இரண்டு முறை ஒலித்தது. ஒன்று காஸ் சிலிண்டர், இன்னொன்று அவருடைய தங்கை.

மூன்றாவது எங்கள் பெண்ணின் அப்பாதான். அக்கா ஃபோனை மேசை நடுவில் வைத்தார். முதலில் காற்றுச் சத்தம், எங்கேயோ ஒரு ஆடு, யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு குரல் வந்தது.

"ஏங் கண்ணு, வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்கறே? கிளச்சக் கொண்டுபோயி வலது பக்கம் வெச்சுட்டே. பிரேக்கு ரெண்டும் எடது பக்கம் கெடக்குது. இப்பிடி இருந்தா நானு எப்பிடி ஓட்டறது? நேரா வாய்க்காலுக்குள்ளதான் உடோணும். நீ உக்கார்ற மட்காடு எது, அதுகூடவா மறந்து போச்சு? ஸ்டீரிங்குல ஒயரு சுத்துனது மட்டுந்தான் செரி. மத்ததெல்லாம் தப்பு, போ."

அவள் களிக் கையோடு எழுந்து நின்று, "தப்புன்னுட்டாரு!" என்று கத்தினாள். "மிஸ், தப்புன்னுட்டாருங்! எல்லாந் தப்பாமா!" கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னாள். பிள்ளைகள் தட்டில் தாளம் போட்டார்கள். நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நன்றாகவே அழுதேன்.

சட்டென்று அவள் நின்றாள். "ஆனா நாஞ் செரியாத்தானுங் போட்டேன்" என்றாள். தாளைக் கேட்டு வாங்கி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, விரல் பக்கத்தைத் தடவினாள். கிளச்சு இடது பக்கம். பிரேக் இரண்டும் வலது பக்கம். மட்கார்டு அவளுடைய மட்கார்டு. தலையை என் பக்கம் திருப்பினாள்.

"மிஸ், போட்டோ எந்தப் பக்கமுங் எடுத்தீங்க?"

நானும் வார்டன் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விரல் பக்கத்தில் வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு, ஃபோனில் ஒன்றும் விழாது. மை பளிச்சென்று தெரிந்த பக்கத்தைத்தான் எடுத்திருந்தோம்.

"பேனாப் பக்கம்" என்றேன் மெதுவாக.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஃபோனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தாள். "ஏனுங்ப்பா, தப்பு எம்மேல இல்லீங். இங்க கண்ணு தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சேந்து படத்த முதுகுப் பக்கமாப் போட்டோ புடிச்சு அனுப்பீட்டாங்க. நீங்க அதத் திருப்பிப் பாருங்க. எல்லாஞ் செரியா இருக்கும்."

பதில் உடனே வந்தது. "அதெப்பிடி கண்ணு ஒரு படத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கும்? தப்பாப் போட்டுப்போட்டு டீச்சரு மேல பழி போடறே."

"இருக்குமுங். உங்களுக்குத் தெரியாட்டி இல்லேன்னு ஆயிருமா?"

"செரி, அப்பிடியே வெச்சுக்கிட்டாலும், ஏரத் தூக்கி எறக்கற லீவரு எங்க? சீட்டுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குதே, அதக் காணமே?"

"அது எப்பிடி வரும்? அதத் தொடப்படாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க! தொடாதத நானு எப்பிடிப் போடறது?"

"அது செரி" என்றது குரல். "லீவுக்கு வா. தொட்டுப் பாத்துக்கலாம். ஆனா கிளச்சு தப்புத்தான்."

அவள் மைக்கை மறுபடி அழுத்தினாள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. வார்டன் அக்காவுக்கு யாருக்கோ ஃபோன் பண்ண வேண்டியிருந்தது. "ஃபோன் கொடம்மா" என்று கையை நீட்டினார். அவள் ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"இரீ அக்கா," என்றாள், "ஜகள நடீதா இதே."

சண்டை நடந்துகொண்டிருக்கிறதாம், பொறுக்க வேண்டுமாம். நான் வார்டன் அக்காவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.